தொண்ணூற்றோராம் நாளின் இருபது நிமிடம்

பீப். பீப். பீப்.

குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் ஊதுகருவி மூன்று முறை கத்தியது; அதன் சிவப்பு விளக்கு அசையாமல் நின்று எரிந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஷோபனா எண்ணைப் பார்த்தாள். உலகநாதனைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு.

"உலகநாதன் அண்ணே... என்ன இது?"

"இன்னா மேடம்?"

"சிவப்பு."

உலகநாதன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் இரண்டு இருபதுக்கு அப்படி ஒரு அமைதியை அந்தத் தொழிற்சாலை வாசல் கண்டதில்லை.

காரணம் இருந்தது. கூரைக்குக் கீழே, நாற்பதடி உயரத்தில் ஓடும் இருபத்தைந்து டன் கிரேன் பதினான்கு வருடம் உலகநாதனின் கையில் இருந்தது. பிறகு அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலை வந்தபோது, ஒரு நாள் இரும்புத் தகடு ஒன்று ஊசலாடி, சுவரில் அடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. மேனேஜர் கத்தவில்லை, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தொண்ணூறு நாள் தரையில் வேலை. தினமும் ஊத வேண்டும். தொண்ணூறும் பச்சையாக வந்தால் தொண்ணூற்றோராம் நாள் மறுபடி கிரேன் கேபின். ஒன்று சிவந்தாலும் சரி, கிரேன் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஓய்வு பெறும்வரை ஸ்கிராப் யார்டுதான்.

தொண்ணூறும் பச்சை.

இன்றைக்குத் தொண்ணூற்று ஒன்று.

"மேடம், நான் ஒரு சொட்டு தொடல. என் பையன் மேல சத்தியம்."

"சத்தியத்தை ரிஜிஸ்டர்ல எழுத முடியாதுண்ணே."

"பையைப் பாருங்க மேடம்." குரல் வினோத்துடையது. இந்த மூன்று மாதமும் கேபினில் உட்கார்ந்தவன் அவன்தான். முப்பது வயது, உலகநாதனுக்குப் பழைய பாட்டில் பங்காளியும்கூட. "சும்மா சொல்லிகினு இருந்தா ஆச்சா? பைல இன்னா கீதுன்னு பாருங்க."

காவலாளி சாப்பாட்டுப் பையைத் திறந்தார். காலி டிபன் பாக்ஸ். தண்ணீர் பாட்டில். ஒரு துண்டு. துண்டுக்குள் சுற்றி வைத்த ஒரு குவார்ட்டர் பாட்டில்.

பாதி வரைக்கும் பழுப்பு நிறத் திரவம்.

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"அட்ரா சக்கை!" என்றான் வினோத். "மாமே, துண்டுல சுத்தி தாலாட்டிகினு வேற எடுத்தாந்துகிறியே!"

"டேய், அது அரிஷ்டம்டா! ஊட்ல குடுத்தாங்க. சாப்ட்டுட்டு ரெண்டு மூடி குடின்னு. இப்பத்தான் கேட்டாண்ட துன்னுட்டு குடிச்சேன்..."

அவ்வளவுதான். பதினோரு பேரும் சிரித்தார்கள். குவார்ட்டர் பாட்டிலில் அரிஷ்டம்! சொல்லும்போதே தனக்கே பொய் மாதிரிதான் கேட்டது உலகநாதனுக்கு.

ஆனால் உண்மை அதுதான். சேக்காட்டில் அவன் வீட்டுச் சமையலறையில், மூடி இறுக்கமான சின்ன பாட்டில் என்றால் குவார்ட்டர் பாட்டில்தான். பத்தொன்பது வருடத்துச் சேமிப்பு. வெந்நீர் ஊற்றிக் கழுவி, நல்லெண்ணெய் ஒன்றில், விளக்கெண்ணெய் ஒன்றில், பினாயில் ஒன்றில் என்று மனைவி வனஜா வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். குடியை விட்ட பிறகு ஆள் இளைத்துவிட்டான், பசி எடுக்கட்டும் என்று நேற்றுதான் மருந்துக் கடையில் பெரிய பாட்டில் அரிஷ்டம் வாங்கினாள். பையில் அடங்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றித் தர வேண்டும். கைக்கு எது கிடைத்தது? அதேதான்.

ஷோபனா மூடியைத் திறந்து முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. "வெல்லப்பாகு மாதிரி இருக்கு. ஆனா சாராய வாடையும் அடிக்குதே அண்ணே."

உலகநாதன் அந்த பாட்டிலையே பார்த்தான். மருந்தில் சாராய வாடையா?

கண் தானாகச் சுவரில் போய் நின்றது. கருவிக்கு மேலே ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை இந்தத் தொண்ணூறு நாளும் ஊதும்போது அவன் படித்துக்கொண்டேதான் இருந்தான். ஐந்தாவது வரி: சிவப்பு வந்தால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதலாம்.

"மேடம். அஞ்சாம் நம்பரு. எனுக்கு இருபது நிமிஷம் வேணும்."

ஷோபனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் வந்த நான்கு வருடத்தில் சிவப்பு வாங்கியவர்கள் காலில் விழுந்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மறுபடி ஊதுகிறேன் என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை.

"சரி. அந்த பெஞ்சுல உட்காருங்க. என் கண்ணு முன்னாடியே இருக்கணும். ரெண்டாவதும் சிவப்பு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வெளியே போனீங்கன்னா முதல் எண்ணையே எழுதிடுவேன்."

வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தான். மணி இரண்டு இருபத்தாறு.

இருபது நிமிடம் என்பது அவனுக்குப் புதிதல்ல.

அரசு ஆஸ்பத்திரியின் குடிநோய் வார்டில் எட்டு நாள் படுத்திருந்தான். தினமும் குடிக்கிறவன் வீட்டில் உட்கார்ந்து திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து கிளம்பும்போது அந்த டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார்: "குடிக்கணும்ங்கிற வெறி வந்தா மல்லுக்கட்டாதீங்க. இருபது நிமிஷம் தள்ளிப் போடுங்க. தண்ணி குடிங்க. கைக்கு ஒரு வேலை குடுங்க. நம்புற ஆளுக்கு ஒரு போன். அதுக்குள்ள இறங்கிடும்."

தொண்ணூறு நாளும் அந்தக் கணக்கில்தான் ஓடியது. ஆவடி ஸ்டேஷனில் இறங்கினால் வழியில் கடை இருக்கிறது. எனவே ஒரு ஸ்டேஷன் தள்ளி இந்து காலேஜில் இறங்கித் திரும்பி நடந்தான். வெறும் வயிறுதான் முதல் எதிரி என்று, ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டே ரயில் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாக்கு ஊறும் நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றினான். மாங்காட்டில் மச்சினன் வீட்டுக் காதுகுத்தில், போனவுடன் கோலி சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை கீழே வைக்கவில்லை. காலிக் கையில்தானே எவனும் கிளாஸைத் திணிப்பான்?

அந்த இருபது நிமிடங்கள் எல்லாம் சரக்கோடு சண்டை. இது பேருக்காகச் சண்டை.

ஷோபனா மேனேஜருக்குப் போன் போடத் திரும்பிய சமயம் பார்த்து வினோத் பெஞ்சில் வந்து ஒட்டினான்.

"மாமே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. பேரு போனது போனதுதான். இனிமே நீ பச்சையா ஊதினாலும் எவன் நம்புவான்? கடை தொறந்து ரெண்டு மணி நேரமாச்சு. வா, போலாம். குடிச்சன்னுதானே சொல்றானுங்க? குடிச்சிட்டே திட்டு வாங்கு. நான் வாங்கித் தரேன்."

உலகநாதனின் தொண்டை வறண்டது.

வந்துவிட்டது. நாக்கின் அடியில் அந்தப் பழைய கசப்பு, காதுக்குள் சூடு. தொண்ணூறு நாளில் இவ்வளவு பெரிதாக ஒருமுறையும் வந்ததில்லை. வினோத் சொன்னது எவ்வளவு நியாயமாக இருந்தது! பத்தடியில் கேட். கேட்டைத் தாண்டினால் தெருமுனை.

அவன் எழுந்தான்.

எழுந்து, ஓரத்தில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீரைக் கடகடவென்று குடித்தான். மறுபடி வந்து உட்கார்ந்தான். பெஞ்சுக்கு அடியில் கிடந்த, சுமையைக் கட்டித் தூக்கும் கம்பி ஸ்லிங்கை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அறுந்த இழை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தான்.

"கடைக்கு நீ போ கண்ணு," என்றான். "எனுக்கு வேலை கீது."

தண்ணீர் ஆயிற்று. கைக்கு வேலை ஆயிற்று. பாக்கி ஒரு போன்.

அதுதான் பயமாக இருந்தது. பத்தொன்பது வருடம் தினமும் ராத்திரி கதவைத் திறந்ததும் வனஜா பேச மாட்டாள்; முகத்தருகே வந்து மூச்சை இழுத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் சோறா சண்டையா என்று முடிவாகும். இப்போது சிவப்பு என்று சொன்னால்?

போட்டான்.

"வனஜா... மெஷின்ல சிவப்பு வந்துடுச்சு."

எதிர்முனையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. அவன் கேள்விக்காகக் காத்திருந்தான். குடிச்சியா? அந்த ஒரே கேள்வி. பத்தொன்பது வருடத்துக் கேள்வி.

"மெஷின் கெட்டுப் போயிருக்கும்," என்றாள் வனஜா. "இல்லாங்காட்டி வேற எதையாவது துன்னியா? நீ குடிச்சிருக்க மாட்ட."

ஸ்லிங்கைத் தடவிக்கொண்டிருந்த உலகநாதனின் விரல் நின்றது.

"இன்னாய்யா, கீறியா?"

"கீறேன்... அந்த அரிஷ்டத்துல வாடை அடிக்குதுன்றாங்க. பெரிய பாட்டில்ல இன்னா எழுதிகிறான், படி."

ஸ்டூல் இழுபடும் சத்தம். பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கும் குரல். "தானாக... உருவாகும்... ஆல்கஹால்... ஐயையோ! இத்தினி பொடிசா எழுதிகிறானே! நானே என் கையால உனுக்கு ஊத்திட்டனேய்யா!"

"அழுவாத. ரெண்டு மூடிதானே? வாயில நிக்கிற வாடைதான் அது. போயிடும்."

"போவலேன்னா?"

"போவும். குவார்ட்டர் பாட்டில்ல நீ ஊத்திக் குடுத்ததுதான் தப்பு. அதுலதான் மானம் போச்சு."

அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்தபோது ஒன்று கவனித்தான். தொண்டை வறட்சியைக் காணோம். எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

வனஜா அனுப்பிய லேபிள் படத்தைப் பார்த்துவிட்டு ஷோபனா தலையசைத்தாள். "லேபிளை நான் நம்புறேன்ணே. ஆனா மேனேஜருக்கு மெஷின் சொல்லணும்."

"மெஷினே சொல்லட்டும் மேடம்."

இரண்டு நாற்பத்தாறு.

வரிசை கலைந்திருந்தாலும் ஆட்கள் போகவில்லை. ரிக்கர் யூசுப் பாயும் வந்து நின்றார். கிரேனுக்குக் கீழே நின்று கைச்சைகை காட்டுகிறவர். பதினான்கு வருடமும் உலகநாதனின் கண் அவர் கைமேல்தான் இருந்தது. அவர் கையைத் தூக்கி, ஒரே ஒரு சைகை காட்டினார்: மெதுவாக மேலே.

உலகநாதன் மூச்சை இழுத்தான். ஊதினான்.

கருவி யோசித்தது. ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

பச்சை.

பூஜ்யம்.

"இன்னொரு தபா ஊதறேன் மேடம்."

"வேணாம்ணே, போதும்."

"இல்ல, இவனுங்க பார்க்கட்டும்."

மறுபடி பச்சை. மறுபடி பூஜ்யம். ஷோபனா இரண்டு எண்களையும் ரிஜிஸ்டரில் எழுதி, பக்கத்தில் இரண்டாம் சோதனை என்று குறித்துக் கையெழுத்துக்கு நீட்டினாள். தினமும் கிறுக்கிவிட்டுப் போகிறவன் இன்றைக்கு அப்பா பெயர் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதினான். கோடு நேராக வந்தது.

"வினோத்து, கேபின் சாவி," என்றான். வினோத் பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு நீட்டினான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏரிப் பக்கம் வாடா, நடக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உலகநாதன் ஏணியில் கால் வைத்தான்.

அன்றைய முதல் சுமை ஒரு கொதிகலன் டிரம். பதினெட்டு டன். ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து தூக்கி, இந்தக் கோடியில் நிற்கும் டிரெய்லரில் இறக்க வேண்டும்.

அந்த ஷெட்டில் ரிக்கர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெகுநாள் கழித்துக் கேபின் ஏறுகிற ஆபரேட்டருக்கு, முதல் சுமைமேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீ வைப்பார்கள். சிந்தாமல் வந்தால் டீ ஆபரேட்டருக்கு. சிந்தினால் ஒரு வாரத்துக்குக் கிண்டல். யூசுப் பாய் டிரம்மின் பக்கவாட்டில் நீண்டிருந்த தட்டையான இரும்புக் கால்மேல் டம்ளரை வைத்தார். ஷோபனா அதைப் பார்த்தாள். உடனே திரும்பி, சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியை ரொம்ப அக்கறையாகப் பரிசோதிக்க ஆரம்பித்தாள்.

மேலே, உலகநாதன் லீவர்மேல் விரல்களை வைத்தான். ஒரு கணம் அப்படியே வைத்துப் பார்த்தான். விரல்கள் அவன் பேச்சைக் கேட்டன.

டிரம் தரையை விட்டது. ஒரு விரற்கடை, ஒரு சாண், ஓர் ஆள் உயரம். பதினெட்டு டன் இரும்பு, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிறமாதிரி நகர்ந்தது. நடுவழியில் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் எல்லாச் சுமையும் ஒரு குலுக்குக் குலுக்கும். அங்கே அவன் வேகத்தை நூல் நூலாகக் குறைத்தான். யூசுப் பாயின் உள்ளங்கை கீழே இறங்கியது. டிரெய்லர்மேல் டிரம் உட்கார்ந்தபோது அடியில் போட்டிருந்த மரக்கட்டைகூட முனகவில்லை.

யூசுப் பாய் எட்டி டம்ளரைப் பார்த்தார். சுற்றிலும் விரலால் தடவி, காய்ந்த விரலைத் தூக்கிக் காட்டினார்.

"சிந்தல! உலகு, ஒரு சொட்டு சிந்தல!"

ஷெட் அதிர்ந்தது. இரும்பில் ஸ்பானரால் தட்டினார்கள். கைதட்டலைவிட அந்தச் சத்தம்தான் அங்கே பெரிய மரியாதை. அந்த ஸ்பானர்களில் ஒன்று வினோத்துடையது.

இறங்கி வந்து, ஆறிப்போன டீயை எல்லார் முன்னாலும் நின்றபடி, டம்ளரை ஒரே கையில் பிடித்துக் குடித்தான் உலகநாதன். சட்டைப்பையில் போன் ஒலித்தது. வனஜாவின் குரல் பதிவு. வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்து எல்லாரையும் கேட்க விட்டான்.

"யோவ், மேடம் போன் பண்ணி சொல்லிட்டாங்க. எனுக்குத் தெரியும். ஊட்ல இருந்த பாட்டிலை எல்லாம் தூக்கி வெளிய போட்டுட்டேன், பதினேழு. நாளைக்குக் காலைல கடைக்குப் போயி நல்லெண்ணெய்க்கு ஒரு சில்வர் டப்பா வாங்கிகினு வா. எண்ணெய் இப்ப சொம்புல கீது."