மூன்றாம் லயம்

தேநீர்க் கெண்டி சாய்ந்த நிலையிலேயே நின்றது. அதன் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. மலர்க்கொடியின் இன்னொரு கையில் நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பை. அவள் ஊற்றவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த புது டிரைவர் பதில் சொல்லட்டும் என்று சமையலறை வாசலில் காத்து நின்றாள்.

பாக்கியலட்சுமி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே அந்தச் சொட்டு அவளுக்குத் தெரிந்தது. ஜாசின் ஊரில் இருந்த இந்த வீட்டின் கூடம்தான் மலர்க்கொடியின் கணவர் பரமேஸ்வரனின் லோரி கம்பெனிக்கு ஆபிஸ். பதினொரு வருடமாகப் பாக்கியலட்சுமிதான் அங்கே கிராணி, கணக்கும் கடிதமும் பார்க்கும் குமாஸ்தா. புது ஆள் வரும் ஒவ்வொரு முறையும் கெண்டி இப்படித்தான் சாய்ந்து நிற்கும்.

"அப்பா எந்தத் தோட்டம் தம்பி?" பரமேஸ்வரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொந்தக்காரனை விசாரிப்பதுபோல் கேட்டார்.

"டெல்வின் தோட்டம் அங்கிள். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது மூடிட்டாங்க."

"அட, டெல்வினா! நம்ம பாக்கியாவும் டெல்வின்தான்லா. மூணாம் லயம், கிராணி வீட்டுக்குப் பக்கம். நீங்க எந்த லயம்?"

சொல்லாதே என்று பாக்கியலட்சுமி மனதுக்குள் கெஞ்சினாள். நேற்றே அவன் விண்ணப்பப் பாரம் அவள் மேசைக்கு வந்திருந்தது. கவிநேசன், தகப்பன் பெயர் சின்னத்தம்பி. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் விரல் மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. ஒரு ஃபோன் போட்டு, லயம் கேட்டால் இப்படிச் சொல் தம்பி என்று சொல்லியிருக்கலாம். போடவில்லை. ஏன் போடவில்லை என்ற கேள்விக்கு நேற்றிரவு அவளிடம் இருந்த பதில் எதையும் காலை வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"ஆறாம் லயம்லா அங்கிள். கடைசி. ஆத்துல வெள்ளம் வந்தா மொதல்ல எங்க வீட்டுக்கு வந்துதான் பசியாறும்!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கெண்டி நிமிர்ந்தது. பீங்கான் கோப்பை அலமாரிக்குத் திரும்பிப்போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் முன்னால் பேப்பர் கப்பில் தேநீர் வந்தது.

"கொரோனா வந்ததுலேர்ந்து இதான் பழக்கம். சுத்தம் பாருங்க" என்றாள் மலர்க்கொடி. அதே தட்டிலிருந்து பாக்கியலட்சுமிக்கு நீலப்பூக் கோப்பையை எடுத்து வைத்தாள்.

"தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றான் அவன், மனதார.

அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டங்களில் சாதி பார்த்துத்தான் லயம் பிரித்துக் கொடுத்தார்கள். கிராணி வீட்டை ஒட்டிய வரிசைகள் ஒரு மாதிரி ஆட்களுக்கு, ஆற்றையும் கக்கூஸையும் ஒட்டிய கடைசி வரிசை இன்னொரு மாதிரி ஆட்களுக்கு. தோட்டங்கள் போய், லயங்களை இடித்து, அந்த இடத்தில் செம்பனை நட்டு, அதுவும் வளர்ந்து வெட்டும் வயதுக்கு வந்தாயிற்று. எண்கள் மட்டும் சாகவில்லை. சாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்டால் அசிங்கம். எந்த லயம் என்று கேட்டால் நலம் விசாரிப்பு.

பதினொரு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்குப் புறப்பட்ட காலையில் அவள் அம்மா வெங்காயம் உரித்தபடி சொன்னது இன்றும் அதே குரலில் காதில் இருந்தது. "லயம் கேப்பாங்க. மூணாம் லயம்னு சொல்லிரு. இடிச்சுப் போட்ட வீட்ட எவன் வந்து எண்ணப் போறான்?"

எவனும் வந்து எண்ணவில்லை. ஆறாம் லயத்தில், சின்னத்தம்பி வீட்டுக்கு அடுத்த கதவில், சின்னத்தம்பியின் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பெண், ஒரே ஒரு பொய்யில் மூன்றாம் லயத்துக்குக் குடிபோனாள். அந்தக் குழந்தை இப்போது எதிரே உட்கார்ந்து பேப்பர் கப்பை ஊதிக்கொண்டிருந்தது.

பரமேஸ்வரன் குளிக்கப் போனதும் அவள் வழக்கமான தாளை எடுத்து நீட்டினாள். புதிதாகச் சேரும் டிரைவர்கள் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று அவளே மலாயிலும் தமிழிலும் டைப் செய்தது, மொத்தம் பதினோரு விஷயம். முதல் மூன்று மாதம் தற்காலிகம். முதல் இரண்டு வாரம் பழைய டிரைவரோடு உட்கார்ந்து வழி பழக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. டயர், பிரேக், விளக்கு பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றி அபராதச் சம்மன் வந்தால் கம்பெனி கட்டும், வேகத்துக்கு வந்தால் ஓட்டியவர் கட்ட வேண்டும். இப்படியே போகும்.

"நல்லா எழுதிருக்கீங்கக்கா. முன்ன இருந்த எடத்துல ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க, ஏத்தி விட்ருவாங்க" என்றான். "டிரெய்லருக்கு ஈ லைசன்ஸ் எடுக்க மூணு தடவ ஃபெயிலு. நாலாவதுலதான் கெடச்சிச்சு. கிள்ளான் போர்ட்டுக்கு எப்ப ஏத்துவீங்க?"

குளித்து விபூதி பூசி வந்த பரமேஸ்வரன் அதற்குப் பதில் சொன்னார். "மொதல்ல மல்லிகையில பழகட்டும் பாக்கியா."

"போஸ், டிரெய்லருக்குன்னு விளம்பரம் போட்டுத்தான் இவர எடுத்தோம். ஈ லைசன்ஸ் இருக்கு."

"மொதல்லன்னுதான சொல்றேன்."

மல்லிகை என்று அந்த லோரிக்குப் பேர் வைத்தது கிளீட்டஸ். மஸ்ஜித் தானா பக்கம் ஒரு கோழி வெட்டும் ஆலையிலிருந்து குடல், இறகு, தலை, கால், உறைந்த ரத்தம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தீவனம் அரைக்கும் இடத்தில் கொட்டிவிட்டு வரும் லோரி. தார்ப்பாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பின்பக்கத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டும். சிக்னலில் நின்றால் மோட்டார் சைக்கிள்காரர்கள் காறித் துப்பிவிட்டு ஒதுங்குவார்கள். நான்கு வருடம் அதை ஓட்டியவர் கிளீட்டஸ். முதுகெலும்பில் தட்டு விலகி, மாதக் கடைசியோடு வேலையை விடப் போகிறார்.

"எனக்கும் மொதல்லன்னுதான் சொன்னாரு" என்றார் கிளீட்டஸ், முற்றத்தில் கவிநேசனுக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லிக் கொடுத்தபடி. "நான் அந்தோணியார் கோயிலுக்குப் போறவன், நமக்கேதுடா லயம்னு நெனச்சிருந்தேன். ஞானஸ்நானத் தண்ணி எல்லாத்தையும் கழுவும், லயத்த மட்டும் கழுவாதுன்னு இங்க வந்துதான்யா தெரிஞ்சிச்சு."

கவிநேசன் புரியாமல் சிரித்தான். சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த பாக்கியலட்சுமிக்குப் புரிந்தது. இரண்டு மாதம் முன்னால் சேர்ந்த நிவேந்திரனிடம் டிரெய்லர் லைசன்ஸே கிடையாது. ரெண்டாம் லயம் என்று ஒரு வார்த்தை சொன்னான். இப்போது கிள்ளான் போகும் டிரெய்லரில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறான். அவனை லைசன்ஸ் வகுப்புக்கு அனுப்பும் கடிதத்தையும் இதே கையால்தான் அவள் டைப் செய்தாள்.

அன்று கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது பாலாடை உதட்டில் ஒட்டியது. வழித்துத் துடைத்தாள். ஒட்டியது போகாத மாதிரியே இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. கவிநேசன் ஆபிஸுக்குள் வருவதை விட்டுவிட்டான். டெலிவரித் தாளைச் சன்னல் வழியாக நீட்டுவான். அவன் நின்று போன இடத்தில் மலர்க்கொடி டெட்டால் தெளிப்பாள். மற்ற டிரைவர்கள் மாமரத்தடியில் கூடி உட்கார்ந்து சாப்பிட, அவன் லோரி மறைவில் தனியாகச் சாப்பிட்டான். ஒரு மத்தியானம் தாளை நீட்டியவன் நகரவில்லை. பாக்கெட்டிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன தாளை எடுத்தான். அவளுடைய பதினோரு விஷயம்.

"இதுல எங்கயுமே இல்லையேக்கா. மொதல்லன்னா எத்தன மாசம்?"

அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் மூணு தடவ குளிச்சாதான்க்கா பாப்பா கிட்ட வருது. கோழியப்பான்னு கூப்புடுது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆபிஸ்ல யாருன்னு அம்மா கேட்டாங்க. பாக்கியாக்கான்னேன். நம்ம அடுத்த வீட்டுலயும் ஒரு பாக்கியா இருந்திச்சு, ஒன்ன எறக்கியே விடாதுன்னாங்க."

அவள் டெலிவரித் தாளில் முத்திரை குத்தினாள்.

"நான் சொல்லிட்டேன்க்கா. அது வேற பாக்கியா, இவங்க மூணாம் லயம்னு."

அவள் கண்ணை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவன் கொடுத்த தானம். தாளை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகும் சன்னலில் கோழிக்குடல் வாடை நின்றது. அதை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். அது குளித்தால் போய்விடும். பதினொரு வருடமாகத் தினம் இரண்டு வேளை நீலப்பூக் கோப்பையில் ஊற்றிக் குடித்தது எதைக் கொண்டு கழுவினால் போகும்?

அதற்கு அடுத்த வாரம் புது டிரெய்லர் ஒன்று வந்து முற்றத்தில் நின்றது, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கிய கறையோடு. அதை ஓட்டக் கிஷன் என்று ஒருவன் வந்தான். இருபத்தேழு வயது, பாயா ரும்புட் டவுனில், டெரஸ் வீட்டில் பிறந்து வளர்ந்து, தோட்டத்தையே பார்க்காதவன். பரமேஸ்வரன் சாய்ந்து உட்கார்ந்தார். சமையலறை வாசலில் கெண்டி சாய்ந்தது.

"தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்? எந்த லயம்?"

"லயம்னா என்ன அங்கிள்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அந்த முகத்தைப் பார்க்க பாக்கியலட்சுமிக்கு ஆசையாக இருந்தது.

"அதான்லா... தோட்டத்துல... அந்தக் காலத்துல." பரமேஸ்வரன் செருமினார். "ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு பழக்கம் தெரிஞ்சிக்கத்தான். அப்பாவுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்."

கிஷன் உடனே ஃபோனை எடுத்தான். விரல் அப்பா என்ற பெயரைத் தேடிக் கீழே இறங்கியது. இன்னும் ஒரு நிமிடத்தில் அந்த எண் இவனுக்குள் போய்விடும், நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, பிறகு இவனும் ஒருநாள் யாரையாவது கேட்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

"கூப்புடாத தம்பி."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் சொல்றேன். லயம்னா தோட்டத்து வீட்டு வரிசை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொன்னா பீங்கான் கப்புல தேத்தண்ணி கெடைக்கும். டிரெய்லர் ஓட்டலாம். ஆறுன்னு சொன்னா பேப்பர் கப்பு. அதோ வெளிய நாறுதே, அந்த லோரி. ஒங்கிட்ட என்ன லைசன்ஸ் இருக்குங்கிறது அப்புறம்."

"பாக்கியா!" பரமேஸ்வரன் எழுந்துவிட்டார். "என்ன பேசற நீ? மூணாம் லயத்துல பொறந்துட்டு..."

"நான் ஆறாம் லயம் போஸ். கவிநேசன் வீட்டுக்கு அடுத்த கதவு. அவன இடுப்புல தூக்கி வளத்தவ."

மலர்க்கொடியின் பார்வை மேசைக்கு வந்தது. பாக்கியலட்சுமியின் கைக்கு அருகே, காலையில் குடித்து மிச்சம் வைத்த நீலப்பூக் கோப்பை. பார்வை அதிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு வந்து, விளிம்பில் படாமல் இரண்டு விரலால் அதன் கைப்பிடியைப் பிடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"பதினோரு வருசமா எங்கள ஏமாத்திருக்க" என்றார் பரமேஸ்வரன். அவர் குரலில் கோபத்தைவிட அருவருப்பு அதிகம் இருந்தது. அதைக் கேட்டு அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. தன்மேல் தனக்கிருந்த அருவருப்பை இத்தனை நாள் தூக்கிச் சுமந்தவளுக்கு அவருடையது கனக்கவில்லை.

"ஆமா போஸ். ஏமாத்துனேன். நீங்க கேட்டீங்க, நான் ஏமாத்துனேன்."

வெளியே போ என்று சொல்ல அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தாள். மூடியதையும் பார்த்தாள். துறைமுக அனுமதி, பெர்மிட், சாலை வரி, ஏழு லோரியின் பாஸ்வேர்டு எல்லாம் அவள் தலையில் இருந்தன. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

சமையலறையில் பீங்கான் உடைந்தது. ஒரு தடவை. பிறகு இன்னொன்று. அவள் எண்ணினாள். ஆறு. பதினொரு வருடமாக ஒரே தொட்டியில் கழுவி ஒரே கூடையில் கவிழ்த்த கோப்பைகளில் அவள் வாய் பட்டது எது, படாதது எது என்று மலர்க்கொடிக்கு எப்படித் தெரியும்?

பாக்கியலட்சுமி அந்தப் பழைய தாளைத் திரையில் திறந்தாள். பதினொன்றுக்குக் கீழே சேர்த்தாள்: "12. சேரும் நாளில் உங்களை எந்த லயம் என்று கேட்பார்கள். என்ன லோரி என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது." அச்சடித்துக் கிஷனிடம் கொடுத்தாள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்ன முழுசாப் படி."

அவன் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். "நான் யோசிச்சிச் சொல்றேன்க்கா" என்று எழுந்தான். தேநீர் வரவே இல்லை என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நாளைய வேலைப் பட்டியல். புது டிரெய்லருக்கு நேரே கவிநேசன் என்று போட்டாள். மல்லிகைக்கு நேரே, இனி வாரம் ஒருவர், முதலில் நிவேந்திரன். டிரைவர்களின் வாட்சப் குரூப்பில் அதையும், பன்னிரண்டாவது விஷயத்தோடு அந்தத் தாளையும் அனுப்பினாள். காலையில் அந்தப் பட்டியல் நிற்குமா, நாற்காலியில் அவள் இருப்பாளா, தெரியாது. படித்தவர்கள் வரிசையில் ஒவ்வொரு பெயராக வந்து விழுந்தது. நிவேந்திரன் ஏதோ டைப் செய்யத் தொடங்கி நிறுத்தினான். கவிநேசனிடமிருந்து ஒரே வரி வந்தது.

"பாக்கியாக்கா, பசியாறிட்டீங்களா?"

மூன்று மணிக்குப் பரமேஸ்வரன் கூடத்துக்கு வந்து, அவள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தபடி கையை நீட்டினார். மலர்க்கொடி தேநீரை அந்தக் கையில் வைத்தாள். அவர் கீழே பார்த்தார்.

"என்ன மலரு இது? நம்ம கப்பு எங்க?"

அவள் அதற்குள் உள்ளே போயிருந்தாள். குப்பைப் பையை இறுக்கி முடிச்சுப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பேப்பர் கப்பு சூட்டில் நெளிந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தார்.