சுண்ணாம்பு பட்ட சேலை

மஞ்சளில் சாயம் போட்ட சேலையைக் கொண்டுபோய் வெற்றிலைக் கடைக்காரர் வீட்டில் கொடுத்த அதிபுத்திசாலி இந்தத் திருவனந்தபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் என்ன சேலை? என் சிநேகிதி வடிவாம்பாளின் கல்யாணச் சேலை. திங்கட்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அந்தச் சேலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பெட்டியோடு என் பட்டறைக்குள் நுழைந்தபோதுதான் என் புத்தியின் லட்சணம் எனக்கே தெரிந்தது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறை, பின்னால் ஒரு கிணற்றடி, அவ்வளவுதான். பக்கத்துச் சாலை பஜார்க் கடைகளில் கூட்டித் தள்ளுகிற வெங்காயத் தோல், ஜூஸ் கடையின் மாதுளைத் தோல், டீக்கடைச் சக்கை எல்லாவற்றையும் அள்ளி வந்து கொதிக்கவைத்துத் துணிக்கு நிறம் ஏற்றுவது என் பிழைப்பு. திரைச்சீலை, தலையணை உறை, சேலை. கூடவே தேங்காயெண்ணெய் சோப்பும் பீட்ரூட் போட்ட உதட்டுச் சாயமும். 'ரசாயனம் இல்லாத அழகு' என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். கோவளத்து ஹோம்ஸ்டேக்காரர்கள் வாங்குகிறார்கள், டெக்னோபார்க் பெண்கள் வாங்குகிறார்கள். என் அம்மா மட்டும், "குப்பையை வேகவச்சு விக்கறா எம் பொண்ணு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வடிவும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். கல்யாணத்துக்குப் பட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "புழுவை வேகவச்சு எடுத்த சேலையைக் கட்டிக்கிட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம்டீ ப்ரியா. உன் மஞ்சள் மதி, அதுவே போதும்." பாலராமபுரம் கைத்தறி வாங்கி, உடைந்த விரலி மஞ்சளை இடித்து, படிகாரம் போட்டு, ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மஞ்சள் நிலைக்கிற நிறமில்லை, வெயில் பட்டால் வெளுக்கும் என்று எச்சரித்தேன். "கல்யாணம் நிலைச்சாப் போதும்" என்றாள். அப்படியொரு நிறம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. வியாழக்கிழமை நானே கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்தேன். நல்ல கர்வத்தோடுதான் கொடுத்தேன்.

அந்த வீட்டில் இருப்பது அவளும் அவள் அப்பாவும் மட்டும். அம்மா தவறி ஐந்து வருஷம் ஆகிறது. அப்பா நயினாருக்குச் சாலையில் வெற்றிலை பாக்கு மொத்தக் கடை. நல்ல மனிதர், பிடிவாதம் மட்டும் கழுதைப் பிடிவாதம். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன் ஷிபினைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வடிவு சொன்ன அன்று, "நான் தடுக்கவும் மாட்டேன், வரவும் மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் நாலு மாதம் அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவள் காப்பி வைத்தால் குடிப்பார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். வடிவுக்கு அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ரெஜிஸ்டர் கல்யாணம், ஹாலில் சின்ன விருந்து, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அப்பா வந்து நிற்பாரா என்ற ஒன்றுதான் பாக்கி. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"பாரு. உன் சேலையைப் பாரு" என்று அதை என் மேசைமேல் வீசினாள்.

பார்த்தேன். முந்தானைக்குக் கீழே ரத்தச் சிவப்பில் விரல் விரலாகத் தடம். பக்கத்தில் ஈரத் துணியால் தேய்த்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீற்றல்.

"நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள செஞ்சிருக்காவ. மேசைமேல பையில இருந்ததை எடுத்து, பிரிச்சு, தேய்ச்சு... வேணும்னே செஞ்சிருக்காவடீ! நாலு மாசம் பேசாம இருந்தது போதாதுன்னு இது. கட்டிக்கப்போற சேலைல கறை!" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பெட்டியை எடுத்துட்டேன். ஷிபினோட அம்மா வரச்சொல்லிட்டாங்க. இப்பவே பாறசாலைக்குப் போறேன். இனி அந்த வீட்டு வாசல்ல மிதிக்கமாட்டேன், கேட்டோ. கல்யாணம் கழிஞ்சும் வரமாட்டேன்."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. என் ஒன்பது நாள்தான் கண்ணில் நின்றது. சேலையோடு நான் ஒரு கார்டு வைப்பது வழக்கம். கெட்டித் தாளில், ஓரத்தில் இலை வரைந்து, சோப்பு கூடாது, வெயில் கூடாது, காரத்தன்மை உள்ள பொருள்கள் கூடாது என்று நுனிநாக்கு ஆங்கிலத்தில். 'சுண்ணாம்புக் கையால் தொடாதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டால் ஸ்டைல் போய்விடுமே! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லார் வீட்டிலும் தெரிந்த சமாசாரம். வெற்றிலைக் கடைக்காரர் விரலில் எந்நேரமும் சுண்ணாம்பு இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். எனக்கு மட்டும் தோன்றவில்லை.

"அழாதேடி. இது போயிடும்" என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து, ஒரு தடத்தின்மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தேன். சிவப்பு கண் முன்னாலேயே கரைந்து மறுபடி மஞ்சளானது.

"எல்லாத்தையும் கழுவு" என்றாள் வடிவு. "அப்பா தொட்ட ஒரு அடையாளம் இதுல இருக்கப்படாது."

பெரிய பேசினில் தண்ணீர் எடுத்து நாலு பழத்தைப் பிழிந்தேன். எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? வெட்டு மேசைமேல் சேலையை முழுக்க விரித்து ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த முனையின் ஒரு மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு நேர் எதிர் மூலையிலும் ஒன்று. சேலையின் அந்தக் கடைசிக்கு ஓடினேன். அங்கேயும் மூலைக்கு ஒன்றாக இரண்டு. நாலும் ஒரே அளவு, மோதிர விரல் நுனி அளவு.

"வடிவு, இங்க வா."

"என்ன, கிழிச்சும் வச்சிருக்காவளா?"

"வாயை மூடிண்டு வந்து பாருடி. கோவத்துல கறை பண்றவா நடுவுல பண்ணுவாளா, நாலு மூலையும் தேடித் தேடிப் பண்ணுவாளா? அஞ்சரை மீட்டர் சேலையை முழுக்கப் பிரிச்சாத்தான் நாலு மூலையும் கிடைக்கும். பிரிச்சு, மூலைக்கு ஒண்ணு வச்சு, மறுபடி மடிச்சு வச்சிருக்கார். புதுத்துணிக்கு என்னடி வைப்பா மூலைல?"

மூலையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சள்" என்றேன் நான். "மஞ்சளைக் குழைச்சு வச்சிருக்கார். விரல்ல சுண்ணாம்பு இருந்திருக்கு, சிவந்துபோச்சு. பயந்துபோய் ஈரத் துணியால துடைச்சிருக்கார், அது இன்னும் பரவிடுத்து. அதுதான் இந்தத் தீற்றல்."

"அம்மா போனப்புறம்..." என்று ஆரம்பித்தவள் அந்தப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினாள். மறுபடி ஆரம்பித்தாள். "அம்மா போனப்புறம் தீபாவளிக்கு எனக்கு அப்பாதான் மஞ்சள் வச்சுத் தருவாவ."

பிறகுதான் எனக்கு மற்றது உறைத்தது. சேலையே மஞ்சள். மஞ்சள் துணியில் மஞ்சள் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? தெரியாது என்ற தைரியத்தில்தான் மனிதர் வைத்திருக்கிறார். மகள் குளித்துவிட்டு வருவதற்குள், அவளுக்கே தெரியாமல் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, பிடிவாதத்தையும் விடாமல் கடைக்குப் போய்விடலாம் என்று பார்த்திருக்கிறார். அதை அவளிடம் சொன்னேன். பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

பேசினில் தண்ணீர் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த தீற்றலையும் விரல் தடங்களையும் மட்டும் நனைத்து எடுத்தேன். மூலைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்டீ."

"கல்யாணத்துல எல்லாரும் பாப்பா. ப்ரியா போட்ட சாயம் திட்டுத் திட்டா இருக்குன்னு பேரைக் கெடுப்பா."

"கெடட்டும்."

கொஞ்சம் யோசித்தேன். கறையில்லாத, ஒரே சீரான நிறம்தான் அழகு என்று இத்தனை வருஷம் படாதபாடு பட்டிருக்கிறேன். இந்தச் சேலையில் அந்த நாலு பொட்டையும் எடுத்துவிட்டால் வெறும் துணிதான் மிஞ்சும் என்று தோன்றியது. சரி, கெட்டால் கெட்டுப்போகிறது என் பேர்.

உலர்த்தி மடித்து, இரண்டு பேருமாகச் சாலைக்கு நடந்தோம். துணிப்பெட்டி பட்டறையிலேயே இருந்தது. நயினார் நனைந்த சாக்கின்மேல் வெற்றிலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் கையில் மஞ்சள் சேலையைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மோளே, வேற ஒண்ணு கிட்டுமா? திங்கக்கிழமைக்குள்ள? தெரியாம ஆயிப்போச்சு. இந்தச் சனியன் பிடிச்ச கை..."

"வேற வேண்டாம் மாமா" என்றேன். அதற்குமேல் பேசினால் நான் எதையாவது உளறிவைப்பேன் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

வடிவு அவர் முன்னால் போய் நின்றாள். மஞ்சளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இல்லை என்றுதான் சாதித்திருப்பார்.

"அப்பா, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல மூணு சாட்சி வேணும். ரெண்டு பேருதான் இருக்காவ."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பொய்! நான், ஷிபினின் தம்பி விஜின், அவள் ஆபீஸ் சிநேகிதி பிஜி என்று மூன்று பேருக்கும் போன வாரமே சொல்லியாகிவிட்டது. பிஜி அதற்காக லீவுகூடப் போட்டுவிட்டாள்.

நயினார் ஒரு கட்டை எடுத்து வாழைநாரால் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். யாரோ வந்து பாக்கு கேட்டதற்கு, "செத்த நில்லும்வே" என்றார். அவர் மனசுக்குள் என்ன ஓடியதோ, அந்தக் கட்டு மட்டும் மூன்று தடவை கட்டப்பட்டது.

"சாட்சிக்கு ஆதார் கார்டு வேணுமா?" என்று கேட்டார். நாலு மாதத்துக்கு அப்புறம் மகளிடம் கேட்ட முதல் கேள்வி.

"வேணும்பா."

"ஒரிஜினலா, காப்பியா?"

"ரெண்டும்" என்றாள்.

நான் கடைக்கு வெளியே வந்து பிஜிக்குப் போன் போட்டேன். "திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட வேண்டாம். வடிவோட அப்பா போடறார். நீ சாப்பிட மட்டும் வா" என்றேன்.