கர்ட்டன்காரம்மா கார் விற்றது

காரை விற்கப்போவதாகக் கர்ட்டன்காரம்மா சொன்னபோது அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை பாதி வழியில் நின்றது.

"எதை?"

"காரை."

"அதை எப்படி விக்க முடியும்? அது இன்னும் முடியவே இல்லையே."

"அதனாலதான் விக்கறேன்."

தெருவில் அவளைக் கர்ட்டன்காரம்மா என்றால்தான் தெரியும். அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஜன்னலுக்கு ஜன்னல் தொங்குவது அவள் தைத்த துணி. கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரின் உயரமான கட்டடங்களில் பாதி அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்கின. அவர் பார்த்துவிட்டுப் போன லிஃப்ட் நடுவழியில் நின்றதாகப் பேச்சே கிடையாது. வீட்டில் இருந்த கார் மட்டும் நின்றது நின்றபடி நின்றது.

அது இரண்டே இருக்கை உள்ள பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஒரு கல்யாண நாளன்று, துருவும் தூசியுமாக, இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "உனக்காகத்தான் வாங்கினேன். உன் பேர்லயே பதிஞ்சிருக்கேன். புதுசா ஆக்கி, நாம ரெண்டு பேரும் ஊர் சுத்துவோம்" என்றார். "பையன் எங்க உக்காருவான்?" என்று கேட்டாள். "மடியில" என்றார். மகனுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது முன்தலையில் முடி விழுந்துகொண்டிருக்கிறது.

மனிதர் சோம்பேறி இல்லை, அதுதான் தொல்லை. வேலை முடிந்து வந்து சட்டையை மாற்றியதும் கராஜுக்குள் நுழைந்துவிடுவார். வண்ணம் பூசுவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தும். முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். ஒரே ஒரு முறை இன்ஜின் ஓடியது. அக்கம்பக்கத்தார் கூடிக் கைதட்டினார்கள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நின்றாள். கணவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள என்னமோ தட்டுது" என்றார். அணைத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் இன்ஜினைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார். தட்டிய சத்தம் வேறு யார் காதிலும் விழவில்லை.

அதன் பிறகு கார் கராஜை விட்டு வீட்டுக்குள் ஊர்ந்து வந்தது. இரண்டு கதவுகளும் கூடத்துக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன. முன்கண்ணாடி அவளுடைய நல்ல பருத்தித் துணி ஒன்றில் சுற்றிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் நின்றது. குளியலறைக் கதவைத் திறந்தால் பம்பர் முழங்காலில் இடிக்கும்.

அவள் துணி வெட்டும் மேஜை படுக்கையறையில் இருந்தது. மேஜையை மடக்கினால்தான் படுக்கலாம், படுக்கையைச் சுருட்டினால்தான் மேஜையை விரிக்கலாம். பெரிய வேலை எது வந்தாலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடத்து வேலை போயிற்று, ஓட்டல் வேலை போயிற்று. இந்த முறை நாடக அரங்கின் மேலாளரே நேரில் வந்தார். அரங்கைப் புதுப்பிக்கிறார்கள். மேடைத்திரை வேண்டும், கருஞ்சிவப்பு வெல்வெட்டில். அவர் பேசி முடிக்கும் முன்பே அவள் சரி என்று சொல்லிவிட்டாள். எங்கே வைத்துத் தைப்பது என்ற யோசனை அவர் படியிறங்கிப் போன பிறகுதான் வந்தது. வெல்வெட்டுக்கு ஒரு போக்கு உண்டு. கையால் ஒரு பக்கம் தடவினால் மின்னும், மறுபக்கம் தடவினால் கறுக்கும். எல்லாத் துண்டும் ஒரே போக்கில் விழ வேண்டுமென்றால் நீளமாகத் தரையில் விரித்துத்தான் பார்க்க வேண்டும். அந்த நீளத்துக்கு வீட்டில் ஒரே ஒரு தரைதான் இருந்தது. அதில் கார் நின்றது.

"ஆறு மாசம் குடு" என்றார் கணவர்.

"நீங்க இதுவரைக்கும் கேட்ட ஆறு மாசத்தையெல்லாம் சேத்துத் தச்சா, அதுவே ஒரு மேடைத்திரை ஆயிடும்."

"என்னைக் கேக்காம நீ விக்க முடியாது."

"வண்டி என் பேர்லதானே இருக்கு? நீங்கதானே குடுத்தீங்க, கல்யாண நாளுக்கு?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவளே கைபேசியில் படம் எடுத்தாள், அவளே விளம்பரம் எழுதினாள். 'பழைய ஸ்போர்ட்ஸ் கார். வேலை முடியவில்லை. இங்கே இருந்தால் முடியவும் முடியாது. பாகங்கள் எல்லாம் வீட்டில் எங்காவது இருக்கின்றன. ஓட்டிப் பார்க்க இயலாது. விற்பவருக்கு இடம் வேண்டும்.' கணவர் அதைப் படித்துவிட்டு, "இப்படி எழுதினா எவன் வருவான்?" என்றார். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நிம்மதியாகவும் தெரிந்தார்.

வெளியூரில் இருக்கும் மகன் போனில் குதித்தான்.

"என்னம்மா இது அநியாயம்! நானும் அப்பாவும் சேந்து பண்ணின கார் அது!"

"நீ அதுல என்னப்பா பண்ணின?"

"டார்ச் புடிச்சேன்."

"சரி, அந்த டார்ச் உனக்கு. கூரியர்ல அனுப்பறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அனுப்பியேவிட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர், மனைவியையும் கூட்டிக்கொண்டு. காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கராஜுக்குள் கால் வைத்தார். அதைக் கண்ட கணவருக்கு முகமெல்லாம் பல். இரண்டு பேரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், பானெட்டைத் தடவினார்கள். தொலைந்துபோன அண்ணன் தம்பி சந்தித்துக்கொண்டது மாதிரி இருந்தது.

"எனக்கு அவசரமே இல்ல சார். இதையெல்லாம் அள்ளித் தெளிச்ச மாதிரி பண்ணக் கூடாது. ஒவ்வொண்ணா, நிதானமா, கச்சிதமா பண்ணணும். என் காலத்துல முடியலைன்னாலும் புள்ளைங்க ஓட்டட்டும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் கணவர்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி உள்ளே வரவில்லை. வாசல் ஓரமாகக் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். கர்ட்டன்காரம்மா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க வீட்டுல எங்கம்மா நிறுத்தப்போறீங்க?"

"பக்கத்துல ஒரு ஷெட் இருக்கு. இப்போ அதுல நான் டியூஷன் எடுக்கறேன்."

"அப்போ டியூஷன்?"

"வராந்தாவுல பாத்துக்கலாம்னு சொல்றார்." சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள்.

கர்ட்டன்காரம்மா நேராகக் கராஜுக்குள் போனாள். "மன்னிக்கணும் சார். இது விக்கறதுக்கு இல்ல."

"விளம்பரம் போட்டிருக்கீங்களே!"

"உங்களுக்கு விக்கறதுக்கு இல்ல."

மனிதர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கேட் வரைக்கும் போன டியூஷன் டீச்சர் எதையோ மறந்தவள் மாதிரி திரும்பி வந்து, கர்ட்டன்காரம்மாவின் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

கணவர் வெடித்தார். "தங்கமான மனுஷன்! செருப்பைக் கழட்டிட்டு வந்தான்! அவனைப் போய் விரட்டிட்டியே!"

"தங்கமான மனுஷன்தான். நானும் ஒரு தங்கத்தோடதானே இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன்? இன்னொருத்தி தலையில நான் இதைக் கட்ட மாட்டேன்."

அடுத்து வந்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த கை, உரத்த குரல். அவளிடமும் இதே வகைக் கார் ஒன்று இருந்தது, சிவப்பு. தினமும் ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு லாரி பக்கவாட்டில் வந்து இடித்ததில் கதவுகள் நசுங்கி, கியர்பாக்ஸ் உடைந்து மூலையில் கிடக்கிறது.

"உள்ளதைச் சொல்லிடறேன் அக்கா. இதை நான் முழுசா வெச்சுக்கப்போறதில்ல. எனக்கு வேண்டியதை உரிச்சு எடுத்துக்குவேன். கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ், இன்ஜின்ல பாதி. மிச்சக் கூடு பழைய இரும்புக்குப் போயிடும். ஏமாத்தி வாங்கிட்டுப் போக எனக்கு மனசு வரல."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் வெளியே வந்தார். "எழுந்திரிங்க. இது கசாப்புக்கடை இல்ல."

அவள் எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க" என்றாள் கர்ட்டன்காரம்மா. "பாகம் கிடைச்சா உங்க வண்டி எப்போ ரோட்டுக்கு வரும்?"

"அடுத்த மாசம். நான் ஓட்டறவ அக்கா. தொடச்சு வெச்சு அழகு பாக்க எனக்கு நேரமில்ல."

"எடுத்துக்கோங்க."

"உனக்குப் பைத்தியமா?" கணவரின் குரல் உடைந்தது. "என் உசிரைக் குடுத்துச் செஞ்சதுடி அது. துண்டு துண்டா வெட்டச் சொல்றியா?"

கர்ட்டன்காரம்மாவுக்கு அது தெரியாததில்லை. அந்தக் காருக்காக அவர் கையில் பட்ட வெட்டுக்கெல்லாம் துணி கிழித்துக் கட்டியவள் அவள்தான். கராஜில் ஸ்பேனர் விழும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவர் மனநிலை என்ன என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் பின்வாங்கவில்லை.

"உசிரைக் குடுத்துச் செஞ்சீங்க. நான் இல்லன்னு சொன்னேனா? முழுசா குடுத்தா அது இன்னொரு கராஜுல போய் நிக்கும். பிரிச்சுக் குடுத்தா ஓடும். உங்க கியர்பாக்ஸ் ஓடணுமா, நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் தட்டினார். தட்டிய டம்ளரை அவள் எடுத்து அலமாரியில் வைத்தாள். தெருவிலும் விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வழியில் மறித்து, "இந்த வயசுல அவர் மனசை இப்படி நோகடிக்கலாமா?" என்று கேட்டாள். "உங்க ஹால்ல இடம் இருந்தா சொல்லுங்க, கூலி குடுத்துக் கொண்டாந்து நிறுத்தறேன்" என்றாள் கர்ட்டன்காரம்மா. எதிர்வீட்டுக்காரிக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது.

சாமான் எடுக்கும் நாளும் வந்தது. டிரைவிங் ஸ்கூல்காரி ஒரு மெக்கானிக்கையும் ஒரு லாரியையும் கூட்டி வந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த கதவுகளைக் கர்ட்டன்காரம்மாவே குனிந்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். முன்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த துணியை மட்டும் உருவி வைத்துக்கொண்டாள். கணவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

மெக்கானிக் கியர்பாக்ஸை ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினான். சாத்தியிருந்த கதவு படாரென்று திறந்தது.

"அப்படித் தூக்காதப்பா! அடியில கை குடு! அடியில!"

வந்தவர் அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். லாரியில் ஏற்றி, நான்கு பக்கமும் சாக்கு மடித்து முட்டுக் கொடுத்தார். கீழே இறங்கி டிரைவிங் ஸ்கூல்காரியிடம், "மூணாவது கியருக்குப் போறப்போ இழுத்துத் தள்ளாதீங்க. ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் போடுங்க" என்றார்.

"சரிங்க சார்."

"எல்லாம் நான் கையால பாத்துப் பாத்து உக்கார வெச்சது."

"தெரியுது சார். இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல."

அவர் ஒரு கையை லாரியின் மேல் வைத்தபடியே நின்றார். கர்ட்டன்காரம்மாவுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இப்போது தொட்டால் தெரு பார்க்க உடைந்துவிடுவார் என்று தெரியும். ஆகவே தொடவில்லை. அவர் பக்கத்தில் மட்டும் போய் நின்றுகொண்டாள். பச்சைக் கூட்டையும் ஏற்றிக்கொண்டு லாரி தெருமுனை திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் செய்தது தப்பு என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றவில்லை.

கராஜைக் கழுவி, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் வெல்வெட்டை உருட்டிவிட்டாள். கருஞ்சிவப்பு ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். இவ்வளவு இடத்தை இந்த வீடு தன்னிடமிருந்து இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்ததே என்று கோபம் கோபமாக வந்தது. பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். திரை நேராக விழுவதற்காகக் கீழ்மடிப்பில் சங்கிலி கோத்தாள். தோள்பட்டை இற்றுப் போனது. மெத்தையை விரித்தபடியே விட்டிருந்ததால், வேலை முடிந்த நேரத்தில் போய் நீட்டிப் படுத்தாள்.

அரங்கில் திரையைத் தொங்கவிட்ட அன்று கணவரும் வந்தார். கூப்பிட்டதற்காக வரவில்லை, சும்மா அந்தப் பக்கம் வேலை இருந்ததாகச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்தார். மேலாளர் பொத்தானை அழுத்தினார். திரை இரண்டாகப் பிரிந்து போயிற்று, திரும்பி வந்து சேர்ந்தது. விளக்கு பட்ட இடமெல்லாம் ஒரே போக்கில் மின்னியது. மேலாளர் கைதட்டினார்.

கணவர் தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"வலது ஓரம் ஒரு விரக்கடை தூக்கியிருக்கு."

"இருக்கட்டும்."

"பிரிச்சுத் தச்சா சரியாயிடும்."

"பிரிக்கல. திறக்குது, மூடுது. அது போதும்."

"கண்ணை உறுத்துமே."

"உங்க கண்ணை மட்டும்தான் உறுத்தும். நீங்க நாடகத்தைப் பாருங்க."

அவர் விடவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு நடந்தார். ஏணி ஒன்று கிடைத்தால் தானே போய்ச் சரிசெய்து வருவதாகவும், ஒரு மணி நேர வேலைதான் என்றும் சொன்னார். பஸ் வந்தது. கர்ட்டன்காரம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் அரங்கின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார்.