ஆள் வருகிற நாளில் லீவு

சுகந்தி டீச்சர் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாள் வருகிற நாளில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் லீவு போட்டுவிட வேண்டும். யாரும் ஆணை போட்டதில்லை. முதல் நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு வர வேணாம்டா, அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்று தேன் ஒழுகச் சொல்வார்கள். பிள்ளைக்கும் சந்தோஷம், அம்மாவுக்கும் காட்டு வேலைக்கு ஒரு கை கூடுதல். வந்தவர் முன்வரிசை கடகடவென்று வாசிப்பதைக் கேட்டு, இளநீரைக் குடித்துவிட்டுப் போவார். முழுப் பூசணிக்காயை மறைக்க இங்கே சோறுகூடத் தேவைப்படவில்லை.

சரி, அதிகாரிக்குப் பயந்து செய்ததென்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார ஆசிரியர்கள் மட்டும் கூடுகிற குழுவுக்குமா இது? ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்கத்தான் அந்தக் குழு. அங்கேயும் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் "அருமை டீச்சர்" என்பார்கள். போட்டோ, வடை, டீ, பஸ். தெரியாது என்ற சொல்லை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

சுகந்திக்கு இந்த மாசி மாதம் அது பொறுக்கவில்லை. காரணம், ஐந்தாம் வகுப்பு பூமயில். பூமயிலுக்கு எழுத்து தெரியும், கூட்டி வாசிக்கத் தெரியாது. அடுத்தவள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிடுவாள். விரல் ஒரு வரியில் போகும், வாய் வேறு வரியில் போகும். ஜூன் மாதம் அவள் கடலாடியில் இருக்கிற பெரிய பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். அவள் அக்காவும் இப்படித்தான் போனாள். தீபாவளிக்குள் திரும்பி வந்து மிளகாய்க் காட்டில் இறங்கினவள்தான், இன்னும் கரையேறவில்லை. அவளும் சுகந்தியிடம் படித்தவளே.

சுகந்தி தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். அட்டை வெட்டினாள், மணலில் எழுத வைத்தாள், ஒரு நாள் கோபத்தில் அடித்தும்விட்டாள். அடித்த கையைப் பார்த்துக்கொண்டு அவளே அழுதாள். இருந்த ஒரே நம்பிக்கை இமானுவேல் சார். கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறவர், வயதில் சின்னவர். அவர் பள்ளியில் கூட்டம் நடந்தபோது அவர் வகுப்புப் பிள்ளைகள் வாசித்தது ஆறு ஓடுகிற மாதிரி இருந்தது. போன கூட்டம் முடிந்ததும் அவரை மறித்து, "சார், அடுத்த கூட்டம் எங்க பள்ளிக்கூடத்துல. வாசிக்கத் தெரியாத பிள்ளைய உங்க முன்னால உக்கார வைக்கிறேன். எங்கன சிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் முகம் ஒரு மாதிரியாகி, "பாப்போம் டீச்சர்" என்றார். பெரிய மனசு, தன்னடக்கம் என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள். பூமயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கட்டாயம் வர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மூத்தவரான உமாமகேஸ்வரி டீச்சர், "அதான் நல்லா வாசிக்கிற பிள்ளைக நாலு வந்திருக்குல்ல, அத வச்சு ஆரம்பிங்க" என்றார். சுகந்தி, "இந்தா வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாக ஓடினாள்.

மிளகாய்க் காடு வெயிலில் காந்தியது. பூமயிலின் அம்மா ராக்கு சாக்கு நிறையப் பழம் பறித்து வைத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம்?"

"பூமயில ஏன் அனுப்பல?"

"ஆளுக வாராகளாமே! அதான் இங்கனயே வச்சுக்கிட்டேன். அவ போகணும்னுதான் நின்னா. டீச்சர் வாய் தவறி வான்னு சொல்லியிருப்பாக, ஆள் வர்ற அன்னைக்குப் போயி அவுகளுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதடின்னு நாந்தேன் அதட்டுனேன்."

ராக்கு அதைப் பெருமையாகச் சொன்னாள். டீச்சருக்கு நன்றியுள்ளவள் செய்கிற உதவி அது. சுகந்திக்கு அந்த வரப்பிலேயே விழுந்து செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. இத்தனை வருடம் அவளே தன் வாயால் கற்றுக்கொடுத்த பாடம், பிள்ளைகள் மறக்காத ஒரே பாடம்.

"இன்னைக்கு இவளுக்காகத்தான் கூட்டமே, ராக்கு. கும்பிட்டுக் கேக்குறேன், அனுப்பு."

டீச்சர் கும்பிட்டதில் ராக்கு பதறிப்போனாள். பூமயில் செடிகளுக்கு நடுவே நின்றபடி, "நான் வந்தா உங்களுக்கு அசிங்கம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சுகந்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இவர்கள் திரும்பி வருவதற்குள் அங்கே போட்டோ முடிந்து வடை நடந்துகொண்டிருந்தது. சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. இமானுவேலுக்கு எதிரே பூமயிலை உட்காரவைத்தாள். பாடப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள்.

"வாசி தாயி."

பூமயில் ஒப்பிக்க ஆரம்பித்தாள். இமானுவேல் மெல்ல வேறொரு பக்கத்தைப் புரட்டி வைத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், சேர்க்க வரவில்லை. மிளகாய் பட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போனவளை சுகந்தி தடுத்தாள்.

"பாத்தீகளா சார்? இதுதான். இதுக்கு நீங்க என்ன செய்வீக? உங்க பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீக? எனக்குத் தெரியல சார். வெக்கத்த விட்டுக் கேக்குறேன்."

யாரோ கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார்கள். இமானுவேல் புத்தகத்தை மூடினார்.

"நீங்க பாத்த பிள்ளைகளுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல டீச்சர். அதுக தானா வாசிக்கிற பிள்ளைக. இவள மாதிரிப் பிள்ளைக எங்கிட்டயும் இருக்கு. நீங்க வந்தப்ப லீவு போடச் சொல்லிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்னுதான் நானும் மாசாமாசம் வாரேன்."

சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த மனிதருக்குத் தெரியும், கேட்டால் போதும் என்று நம்பித்தானே ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள்!

"தம்பி, எல்லா எடத்துலயும் உள்ளதுதான். இத இப்பப் பேசி என்ன ஆகப்போகுது? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று உமாமகேஸ்வரி எழுந்தார். இன்னும் இரண்டு பேர் கைப்பையை எடுத்தார்கள். போகிறவர்களை மறிக்க சுகந்தி வாசலில் போய் நின்றாள்.

"இருங்க. இன்னைக்கு யாரும் போகாதீக" என்றாள். "நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியாதுன்னா, தெரியாதவுகளாவே உக்காருவோம். ஜூன்ல இவ போயிருவா."

உமாமகேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

பூமயில் பெரியவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இமானுவேலிடம் கேட்டாள்.

"சார், லீவு போடச் சொன்னீகளே, உங்க பிள்ளைக, அதுகளும் மொளகா பறிக்கவா போச்சுக?"

"இல்லம்மா. அங்கன கருவாடு காயப்போடப் போயிருக்கும்."

"அதுக்கு வாசிக்க வேண்டியதில்லைல்ல?" என்றாள் பூமயில், அவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.