தலைவரின் கத்திரிக்கோல்

பாக்கார் ஆராங் ஊரில் எந்தக் கடை திறந்தாலும் ரிப்பன் வெட்டத் தேவதாசனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து அவர் காரில் எப்போதும் ஒரு கத்திரிக்கோல் இருக்கும். கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றிய, நல்ல கனமான கத்திரிக்கோல். கடைக்காரன் நீட்டும் மொட்டைக் கத்திரியால் ரிப்பனை அறுத்துக்கொண்டு நிற்பது பதவிக்கு அழகல்ல என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் 'லோரோங் ஏழு', அதாவது ஏழாம் சந்து, என்ற கார்ட்டூன் தொடர் ஓடியது. டை கட்டிய தொப்பைத் தலைவர் ஒருவர் காரிலிருந்து கத்திரிக்கோலை உருவினார்; வெட்ட ரிப்பன் கிடைக்காமல் யார் வீட்டுத் துணிக்கொடியையோ வெட்டிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நின்றார்.

"இது நான்தான்," என்றார் தேவதாசன்.

"தொப்பை சரியாத்தான் வந்திருக்கு," என்றார் மனைவி ஞானாம்பிகை.

"கேஸ் போடப் போறன்."

"ஆர்மேல, படத்தின்ர மேலயோ?"

தொடரை வரைகிறவள் சாப்பாட்டுக்கடை காஜா மைதீனின் மகள் ஐனா. கோலாலம்பூரில் வேலை. ஆகவே மறுநாள் காலை தேவதாசன் டை கட்டிக்கொண்டு தகப்பனிடம் நியாயம் கேட்கப் போனார். உள்ளே நுழைந்ததும் கடையே திரும்பிப் பார்த்தது. ஷிப்டு முடிந்து வந்த பையன்கள் கைப்பேசியோடு எழுந்தார்கள்.

"தலைவர் அங்கிள், ஒரு படம் எடுத்துக்கலாமா? கத்திரிக்கோல் இருக்குதா?"

இருந்தது. காருக்குப் போய் எடுத்து வந்தார். முதல் படத்தில் முறைத்தார். அடுத்ததில் தொப்பையை உள்ளே இழுத்தார். அதற்கடுத்ததில் கத்திரிக்கோலை உயர்த்திப் பிடித்தார்.

காஜா மைதீன் தயங்கியபடி தே தாரேக் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "மக தெரியாம வரைஞ்சிட்டா சார். மனசுல வச்சுக்காதீங்கலா."

"தெரியாமலோ? என்னைப் பாத்துத்தானே வரைஞ்சவள்? அதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. கார்ட்டூன் தலைவரின் டை சிவப்பு, தேவதாசனுடையது நீலம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் சிவப்பு டை வாங்கினார். கார்ட்டூன் தலைவர் பேசுமுன் இரண்டு தரம் கனைப்பார். இவரும் கனைக்கப் பழகிக்கொண்டார்.

பெருமையில் மண்ணைப் போட்டது பக்கத்து ஊரான கூலிமிலிருந்து வந்த சேதி.

"அங்க யோகேந்திரன்னு ஒரு பழைய ஹெட்மாஸ்டர்," என்றார் காஜா மைதீன். "கார்ட்டூன்ல வர்றது அவருதானாம். கத்திரிக்கோல்கூட வாங்கிட்டாராம்லா."

"வாங்கினவனும் வச்சிருந்தவனும் ஒண்டோ? உம்மட மகள் வரட்டும். அசல் ஆரெண்டு அவளே சொல்லட்டும்."

காஜா மைதீனின் இரண்டாவது கடைத் திறப்புக்கு ஐனா வந்தாள். யோகேந்திரனும் வந்தார், சிவப்பு டையோடு. ரிப்பனுக்கு முன்னால் இரண்டு கத்திரிக்கோல்கள் ஒரே சமயத்தில் உயர்ந்தன. இரண்டு தொண்டைகள் இரண்டிரண்டு தரம் கனைத்தன.

"பிள்ளை, நீ வரைஞ்சது ஆரை?" என்று கேட்டார் தேவதாசன்.

"பயப்படாம உண்மையச் சொல்லும்மா," என்றார் யோகேந்திரன்.

ஐனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து வரைபலகையை எடுத்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் அப்படியே நில்லுங்க அங்கிள்."

நின்றார்கள். மூச்சுக்கூட அளந்துதான் விட்டார்கள். பிரியாணி வாசனை வெளியே வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கூட்டம், குனிந்து ரிப்பனுக்குக் கீழே நுழைந்து சாப்பிடப் போய்விட்டது.

அடுத்த மாதம் அது அப்படியே தொடரில் வந்தது: கத்திரிக்கோல் தூக்கிய இரண்டு தலைவர்கள், வெட்டாத ரிப்பன், அதன் அடியில் குனிந்து போகும் ஊர்.

தேவதாசன் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். "இஞ்ச பார், இடப்பக்கத்தான். கைப்பிடியில மஞ்சள் துணி. அது நான். இனி யோகேந்திரன் வாய் திறக்கட்டும் பாப்பம்."

ஞானாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். அந்தத் துணியைச் சுற்றியது அவர் கை. அந்தக் கத்திரிக்கோலைத்தான் இவ்வளவு நாளாகத் தன் தையல் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தார். பிறகு பெண்டாங்கில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"டிவியைப் போடு. என்ர கத்திரிக்கோல் வந்திருக்கு."

"அத்தானும் வாறாரோ?"

"ஓம், அதைப் பிடிச்சுக்கொண்டு ஒராள் நிக்குது."