நிமிஷத்துக்கு ஓர் இலக்கம்

கல்மண்டபத் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதுதான் தாமதம், எழில்மொழி ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மாடிப்படி இறங்கிவிட்டாள். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. வீட்டில் அக்கா பிள்ளை பெற்றுப் பத்து நாள். குடம் தூக்க இவளை விட்டால் ஆளில்லை.

ஆபீசிலோ இரண்டு நிமிஷம் விசையைத் தட்டாவிட்டால் மேலாளர் பரசுராமனின் கணினியில் பெயர் சிவப்பாகிவிடும். மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போச்சு. இவளுக்கு இரண்டு விழுந்தாயிற்று, இரண்டுமே லாரி செய்த உபயம். அதற்காகத்தான் புத்தகத்தைப் பார்த்து ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் அதுவே ஓர் எழுத்தை அடிக்கும், உடனே அழிக்கும். இவள் விரல்தான் தட்டுகிறது என்று கணினியும் நம்பிவிடும்.

இரண்டு குடங்களோடு வரிசையில் ஆறாவதாக நின்றபோதுதான் நினைவு வந்தது. கர்சரை எங்கே விட்டு வந்தோம்? கன்டெய்னர் எடைக் கட்டத்தில்! அந்தக் கட்டம் எண்ணைத்தான் ஏற்கும். எழுத்தை அடித்தால் 'டிங்' என்று கத்தித் தள்ளிவிடும். அழிப்பதை மட்டும் தள்ளாது. அப்படியானால் நிமிஷத்துக்கு ஓர் இலக்கம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. 18450 கிலோ இந்நேரம் 1845, அப்புறம் 184... பன்னிரண்டு மணிக்கு எடைப் பட்டியல் துறைமுகத்துக்குப் போய்விடும். இன்னும் பத்து நிமிஷம். ஓடலாமென்றால் காலிக்குடம் கண்முன் நின்றது, நிற்கலாமென்றால் நிலைகொள்ளவில்லை.

"இன்னாம்மா, நின்னுகினே தூங்குறியா? கொடத்த வையி." அவள் முறை வந்ததும் லாரிக்காரர் அதட்டினார்.

ஒரு குடம் நிறைந்ததும் இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு, நிறைந்ததைப் பக்கத்திலேயே இருந்த வீட்டு வாசலில் இறக்கிவைத்து ஆபீசுக்கு ஓடினாள்.

மாடியேறி வந்தால், கட்டத்தில் 18450 முழுசாக இருந்தது. பக்கத்து இருக்கையில் ஜீனத். மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற சண்டைக்குப் பிறகு ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

'டிங்.' கடைசிப் பூஜ்யம் மறைந்தது. ஜீனத் தலையைத் திருப்பாமல் இடது கையை நீட்டி அதைத் திரும்பப் போட்டாள்.

"இன்னாடி இது? நான் போடப் போட தின்னுகினே கீது."

எழில்மொழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நாளிக்கி எங்க தெருவுக்கு லாரி," ஜீனத்தின் குரல் தாழ்ந்தது. "எனுக்கும் ரெண்டு செவப்பு வுழுந்துகீது. இத்த என் மிசின்லயும் போட்டுக் குடு."

அறைக் கதவு திறந்தது. பரசுராமன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சத்தம் அது? அப்பலேந்து கேட்டுகினே கீது?"

எழில்மொழியின் தாவணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

'டிங்.'

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு நீண்டன.