தேய்க்காத கல்

தெரணியகலை ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் இருபத்திரண்டு வருடம் தேய்த்தே என் கைரேகை அழிந்துவிட்டது. ஓயாத மழை. எந்த மூலையில் பச்சை படிந்தாலும் ஏச்சு எனக்குத்தான் விழும்.

2004இல், தோட்டத்தை நடத்திய துரை கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும், கேன்களில் கடல் தண்ணீரும், ஒரு மஞ்சள் மீனும் கொண்டுவந்தார். தொட்டிக்குள் வைக்கச் சொல்லித் தந்த இரண்டு கற்களிலும் பாசி அப்பியிருந்தது. நான் விடுவேனா? தேங்காய் நாரால் தேய்த்து, பளிச்சென்று உள்ளே வைத்தேன்.

மீன் வெறுங்கல்லைக் கொத்திக் கொத்தி ஒரே வாரத்தில் வயிறு ஒட்டி மெலிந்துபோனது.

"கல்லுல இருந்த பாசி எங்க, லெட்சுமாயி?" என்றார் துரை. "அதுதானே இதோட சாப்பாடு."

"நான்தாங்க தொரை தேச்சிட்டேன்."

அவர் ஏசவில்லை. காய்ந்த கடற்பாசியை நூலில் கட்டி மீனுக்குத் தொங்கவிட்டார். ஒரு கல்லை எடுத்து, கடல் தண்ணீர் வாளியில் போட்டு, வெயில் படும் இடத்தில் வைத்தார்.

"இதைத் தொடாத. பச்ச வரட்டும்."

மூன்று வாரம் அந்த வாளியைத் தாண்டும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. சேலைத் தலைப்புக்குள் கையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

பச்சைக் கல் உள்ளே போனதும் மீன் மாடுபோல மேய்ந்தது. துரை என் பக்கம் திரும்பி, "ஸ்தூதி, லெட்சுமாயி" என்று தன் சிங்களத்தில் நன்றி சொன்னார்.

இருபத்திரண்டு வருடம் தேய்த்தபோது வராத வார்த்தை, மூன்று வாரம் தேய்க்காமல் இருந்ததற்கு வந்தது. துரை அங்கிருந்து நகர்ந்த பிறகு மீனைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த வார்த்தையை வாங்கிக் கொடுத்தது அதுதானே.